மூன்று பித்தளைப் புனல்கள்

சென்ற மாதம், பெங்களூரில் இருக்கும் என் மகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். ஏதோ ஒரு கண்காட்சியில் எடுத்தது. கூரையும் கதவும் இல்லாத, இருவர் மட்டுமே அமரக்கூடிய சிவப்புக் கார். முன்சக்கரங்கள் உடலைவிட்டு விலகி, வெட்டுக்கிளியின் கால்களைப்போல வெளியே நீண்டிருந்தன. என்ஜினுக்கு மூடி இல்லை. அதன் குழாய்களும் திருகுகளும் வெயிலில் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தன. கீழே எழுதியிருந்தாள்: “அம்மா, இதுக்குப் பேர் ஹாட் ராடாம். பழைய காலத்துக் கார் மாதிரியே புதுசா செய்வாங்களாம். பானெட் போட மறந்துட்டாங்க போல!”

‘மறக்கவில்லை’ என்று பதில் எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் அனுப்பினேன்.

அழித்த அந்தப் பதிலின் மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலரும் என்னைப்போல அறுபதைக் கடந்தவர்கள். பத்து வயதில் சொன்ன ஒரு சொல் திடீரென்று நினைவுக்கு வந்து, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்ற அனுபவம் உங்களில் சிலருக்கேனும் இருக்கும். இல்லாதவர்கள் பாக்கியசாலிகள்.

எங்கள் வீடு கடத்தூரிலிருந்து பொம்மிடிக்குப் போகும் சாலையை ஒட்டி, வயலுக்கு நடுவில் இருந்தது. நான் சொல்லும் அந்தப் பருவம் தை மாதத்தில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. நிலக்கடலை விற்றுப் போனபின் காலியாகக் கிடந்த கொட்டகையில் சித்தப்பா ஒரு கார் செய்துகொண்டிருந்தார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சேலத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, முதலாளியோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்திருந்தார். ‘ஓரிடத்தில் நிலைக்காதவன்’ என்பது அவரைப் பற்றிய ஊரின் தீர்ப்பு. அப்பாவும் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கொட்டகையைத் தம்பிக்கு ஒழித்துக்கொடுத்தவர் அவர்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு படம். சேலத்தில் பழைய பேப்பர் கடையொன்றில், வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழிந்து கிடந்த ஒற்றைத் தாள். சித்தப்பா அதைக் கொட்டகைச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்திருந்தார். அதில் இருந்தது, என் மகள் அனுப்பிய காருக்கு அண்ணனோ அக்காவோ என்று சொல்லலாம். அந்தத் தாளில் இருந்த ஆங்கிலத்தை எங்கள் வீட்டில் எவராலும் படிக்க முடியவில்லை. அந்த வகை வண்டிக்கு ஒரு பெயர் உண்டு என்பதையே நான் சென்ற மாதம்தான் அறிந்தேன்.

ஏலத்தில் வந்த ஒரு பட்டாளத்து ஜீப்பின் அடிச்சட்டத்தை வாங்கி, நடுவில் இரண்டடி அறுத்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். கவிழ்ந்துபோன ஒரு காரின் என்ஜின் அதன்மேல் ஏறியது. உடம்புக்கான தகரம் தார் டின்களை வெட்டி விரித்தது. மணல் மூட்டையின்மேல் அதை வைத்து மரச்சுத்தியால் தட்டித்தட்டி, படகின் பின்புறம்போல வளைத்தெடுத்தார். மத்தியான வெயிலில் அந்தத் தகரம் தார் நாற்றம் வீசும். புகைக்குழாய்களுக்குள் மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டைகொண்டு அடைத்து, கனலில் காட்டி வளைப்பார். மணல் இருந்தால் குழாய் நசுங்காது. ஸ்டீயரிங் ஒரு பழைய பஸ்ஸினுடையது. இருக்கைக்குத் தேங்காய் நார் திணித்துச் சிவப்பு ரெக்சின் போர்த்தியிருந்தார். பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சிறிது. அதனால் வண்டி எப்போதும் பாயப்போகிறதுபோலவே நின்றது.

என்ஜினின் தலையில் மூன்று பித்தளைப் புனல்கள் இருந்தன. ஓட்டை விழுந்த தவலையொன்றை அம்மா தூக்கிப் போட வைத்திருந்தாள். அதை வெட்டித் தட்டி அவரே செய்தவை. ஊமத்தம்பூவைப்போல வாய் விரிந்து, வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கும். சனிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் சேர்த்து அவற்றைத் துலக்குவது என் வேலை.

“இது எதுக்கு சித்தப்பா?” என்று முதல் நாளே கேட்டேன்.

“நடுவுல இருக்கறதுதான் மூக்கு. என்ஜின் அது வழியாத்தான் மூச்சு வுடும். இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு இருக்குது பாரு, அது ரெண்டும் சும்மா அழகுக்கு.”

“அப்ப அது ரெண்டும் வேல செய்யாதா?”

“ஏன் செய்யாது? போறவன நிக்க வெச்சுப் பாக்க வெக்குதே, அது வேல இல்லியா? ஒங்கம்மா மூக்குத்தி என்னா வேல செய்யுதுன்னு போயிக் கேட்டுட்டு வா.”

நான் உண்மையிலேயே போய்க் கேட்டேன். அம்மா உரலில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள். “ஒன் சித்தப்பனுக்கு வாய்க்கொழுப்பு. இன்னிக்குச் சோறு கெடையாதுன்னு போயிச் சொல்லு” என்றாள். ஆனால் ஈரக்கையின் பின்புறத்தால் மூக்குத்தியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டருகே சாலையில் ஒரு பெரிய கார் நின்றுபோனது. மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. சித்தப்பா அதைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், அவர் தண்ணீர் குடிக்க வந்து கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அரை மணிநேரம் வெளியே வரவில்லை. சுவரிலிருந்த படத்தையும் பாதி எழுந்திருந்த வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். தோட்டத்தில் தம் தகப்பனார் காலத்துக் கார்கள் நான்கு துருப்பிடித்துக் கிடப்பதாகச் சொன்னார். “இந்தப் படத்துல இருக்கற மாதிரியே இதை முடிச்சுக் காட்டு. பங்குனி கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். காட்டிட்டேன்னா அந்த நாலையும் உன் கையில ஒப்படைச்சுடறேன். பட்டறையும் அங்கயே, வீடும் அங்கயே” என்றார்.

அன்றைக்கு அவர் போனபின் சித்தப்பா வண்டியின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்தார். கொட்டகையின் வாசல் வழியே சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. “அந்த மலைக்குப் போயிட்டேன்னா, எனக்கு வேற எதுவும் வேணாம் கண்ணு” என்றார். நிலைக்காதவன் என்று ஊர் சொன்ன அந்த மனிதர், தாம் நிற்க விரும்பிய ஓரிடத்தை அன்று எனக்குக் காட்டினார். பத்து வயதில் அது எனக்கு வெறும் மலை.

அடுத்த வாரம் வண்டியை முதல்முறையாகச் சாலைக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊரில் வீடானாலும் கிணறானாலும் பெட்டியானாலும், மூடி போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “மூடி எப்போ வரும்?” சித்தப்பா, “வராதுங்க, இது அப்பிடித்தான்” என்றார். வசதியில்லை என்பதை அவர் மறைக்கிறார் என்று எல்லோரும் முடிவுசெய்துகொண்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் அமரும் பெண் ஆரம்பித்தாள். “ஏன்டி, ஒங்க சித்தப்பன் காரு அம்மணமா நிக்குதாமே? துணி எடுக்கக் காசில்லியா?”

பின்பெஞ்சிலிருந்து இன்னொருத்தி: “பாவம்டி, ஒரு பாவாடையாச்சும் கட்டி வுடச் சொல்லு. ஊரே வெக்கப்படுது.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த வயதில் நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்பினோம். ‘அம்மணக் காரு’ என்ற பெயர் வண்டிக்கு நிலைத்துவிட்டது. ‘அம்மணக் காரு வூட்டுப் புள்ள’ என்ற பெயர் எனக்கும் வந்தது. அதன்பின் சனிக்கிழமைகளில் புனல்களைத் துலக்கும்போது, சாலையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துப்பார்த்துத் துலக்கினேன்.

பங்குனியின் கடைசி வாரம், முன்விளக்குகள் இரண்டுக்கும் நிக்கல் பூச்சுப் போட்டு வாங்கிவரச் சித்தப்பா சேலத்துக்குப் புறப்பட்டார். வியாழக்கிழமை போனால் ஞாயிறு காலை ரயிலில் திரும்பிவிடுவார். காப்பித் தோட்டக்காரர் அன்று பத்து மணிக்கு வருவார். கொட்டகைச் சாவியை என் பாவாடை நாடாவில் அவரே முடிச்சுப் போட்டுக் கட்டினார். “யாரு கேட்டாலும் குடுக்காத. எங்கண்ணன் கேட்டாலுந்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: “அவன் கையில தகரம் தீந்துபோயிருக்குது. வாயத் தொறந்து கேக்க மாட்டான், ரோசக்காரன். அவ்ளோ பெரிய மனுசன் வர்ற நேரத்துல, கொடல எடுத்து வெளிய போட்ட மாதிரியா வண்டி நிக்கறது?”

“படத்தப் பாத்துத்தானுங்களே செய்யறாரு?” என்றாள் அம்மா.

“படம் புடிக்கறதுக்காகக் கழட்டி வெச்சிருப்பான். எவனாவது மூடியில்லாமக் காரு ஓட்டுவானா?”

மழைக்கு முன் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட அப்பா புதுத்தகரம் வாங்கி அடுக்கியிருந்தார். அதைத் தம்பிக்குக் கொடுக்க முடிவுசெய்துவிட்டார். வந்து பார்த்ததும் அவன் முகம் எப்படி மலரும் என்று எண்ணியெண்ணி, சாப்பாட்டின் நடுவிலேயே தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். என் அப்பா சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு. பிறகு என்னைப் பார்த்து, “சாவி எங்க பாப்பா?” என்றார்.

நான் தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. முடிச்சு அவிழாமல் நேரமானதுதான் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை, மத்தியானத் தொழுகை முடிந்ததும், கடத்தூரில் பெட்டியும் வாளியும் செய்யும் தகரக்கடை பாய் வந்தார். மெலிந்த மனிதர். அளவெடுக்காமல் கண்ணாலேயே பார்த்து வெட்டுவார். சனிக்கிழமை காலைக்குள் வண்டிக்குக் கூரையும் கதவும் வந்துவிட்டன. என்ஜினுக்கு மேல்மூடி வைக்கும்போதுதான் புனல்கள் தடுத்தன. மூடி வரும் உயரத்துக்குமேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தன.

“மூடியில மூணு ஓட்ட போட்டு வெளிய வுட்டுரலாங்களா?” என்று பாய் கேட்டார்.

“மழத்தண்ணி உள்ள எறங்கிப்புடுமே” என்றார் அப்பா. “அது எதுக்கு இருக்குதுன்னே தெரியலியே. பாப்பா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும். இது என்னாத்துக்கு?”

சனிக்கிழமையாதலால் நான் என் வழக்கப்படி, ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் கலந்த புளியோடு அங்கே நின்றிருந்தேன்.

“சும்மா அழகுக்கு” என்றேன்.

பாய் உடனே அறுத்துவிடவில்லை. நடுப்புனலின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். “எவ்ளோ அருமையாத் தட்டியிருக்காரு. அறுக்க மனசு வரலீங்க” என்றார் அப்பாவிடம். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: “மூணுமேவாம்மா?”

அந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை வருடங்களாக இருந்துவருகிறேன். நடுவில் இருப்பது மூக்கு என்று எனக்குத் தெரியும். ஒன்றை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ள அந்த நல்ல மனிதர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஆனால் ஒரு புனல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் திங்கட்கிழமை அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது முழுக்க மூடியிருக்கவேண்டும்.

“மூணுந்தான்” என்றேன்.

ரம்பத்தின் ஓசையில் என் பற்கள் கூசின. பித்தளைத் தூள் மஞ்சள்பொடிபோல என் காலடியில் உதிர்ந்தது. அறுத்தெடுத்த மூன்று வாய்களையும் பாய் என் கையில் கொடுத்தார். அவை சூடாக இருந்தன. மேல்மூடியை வைத்து, இருபக்கமும் உடம்போடு சேர்த்து ரிவெட் அடித்து முடித்தார். பழுது பார்க்கப் பக்கவாட்டில் மட்டும் ஒரு சிறு கதவு.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கூரையின் முன்பக்கம் மாவிலைத் தோரணம் கட்டினார். சித்தப்பா பொம்மிடியில் ரயிலிறங்கி, கோணியில் சுற்றிய விளக்குகள் இரண்டையும் குழந்தைகளைப்போல இரண்டு கைகளிலும் அணைத்துக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்.

“எப்பிடிடா?” என்றார் அப்பா.

சித்தப்பா விளக்குகளைக் கீழே வைத்தார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். அறுபட்ட நடுப்புனலின் அடித்துண்டு மேல்மூடியின் தகரத்தில் முட்டி அடைபட்டிருந்தது.

“புனல் எங்கீங்க?”

“அது எதுக்குடா? சும்மா அழகுக்குத்தான்னு பாப்பாதான் சொல்லுச்சு. மூணுந்தான்னுச்சு.”

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். முதல் ரிவெட்டின்மேல் உளியை வைத்தார். நான்கு ரிவெட்டுகளைப் பெயர்த்தால் போதும், வண்டி மூச்சுவிட்டிருக்கும். நேரமும் இருந்தது.

அப்பாவின் முகம் மாறியது. “என்னாடா, எங்கியாச்சும் சரியில்லியா? பாய் ரெண்டு நாளா சோறு தண்ணி பாக்காம அடிச்சாருடா. மாட்டுக் கொட்டாய்க்கு வெச்சிருந்த தகரம், நல்ல கனம். தட்டிப் பாரு.”

உளி சிறிது நேரம் அங்கேயே இருந்தது. பிறகு சித்தப்பா அதைப் பெட்டிக்குள் வைத்தார். தகரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். “இல்லீங்ணா. நல்லா இருக்குதுங்க” என்றார்.

தோட்டக்காரர் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். “நான் பாக்க வந்தது அதுப்பா. இது ஜீப்பு. ஜீப்பு என்கிட்டயே ரெண்டு இருக்கு” என்றார் மெதுவாக. அவமதிக்கும் குரல் அல்ல, ஏமாந்த குரல். பிறகு, “சரி, ஓட்டிக் காட்டு” என்றார்.

வண்டி கிளம்பியது. இருமியது. மூடியின் இடுக்குகளிலிருந்தும் பின்குழாய்களிலிருந்தும் கரும்புகை கக்கிவிட்டு நின்றது. மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் நின்றது.

“என்னப்பா, இதுக்கு மூச்சு முட்டுதே?”

அப்போதுதான் சித்தப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். கணக்குப் பாடத்தில் விடை எங்கே தவறியது என்று தேடுபவரின் பார்வை அது. விடை கிடைத்துவிட்டது என்பதும் அதில் தெரிந்தது. அவர் தோட்டக்காரர் பக்கம் திரும்பினார்.

“இன்னும் முடியலீங்க” என்றார்.

முடிந்திருந்த வண்டியை ஊர் முடியவில்லை என்றபோது, முடிந்துவிட்டது என்று சாதித்தவர் அவர். அன்று, அண்ணன் எதிரில் நிற்கையில், ஊரின் சொல்லையே எடுத்துக்கொண்டார்.

“முடிஞ்சதும் ஒரு கார்டு போடு” என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த மோரைப் பாதி குடித்துவிட்டுத் தோட்டக்காரர் போய்விட்டார். அந்தக் கார்டு எழுதப்படவில்லை. அறுந்த புனலை மறுபடி செய்துவிடலாம், எத்தனை நாள் வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு அப்பாவின் தகரத்தை உடைத்திருக்க வேண்டும். சித்தப்பா உடைக்கவில்லை.

பின்னாளில் மூடியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒரு தகரக்குழாயை வளைத்துச் செருகி, வண்டியை மூச்சுவிட வைத்தார். அது கடத்தூர் சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு பல வருடம் ஓடியது. அதை யாரும் அம்மணக் காரு என்று சொல்லவில்லை. வேறு எந்தப் பெயரும் சொல்லவில்லை. சித்தப்பா மலைக்குப் போகவேயில்லை. அப்பா தம் கடைசிக் காலம்வரை, “அன்னிக்கு என் தகரம் மட்டும் இல்லன்னா, அந்தப் பெரிய மனுசன் முன்னால நம்ம மானம் போயிருக்கும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பக்கத்தில் இருந்தால் சித்தப்பா தலையாட்டுவார். நானும் சும்மா இருப்பேன். இருவரும் இப்போது இல்லை.

ஓரப் புனல்கள் இரண்டும் எங்கள் சமையலறையில் கடலை எண்ணெய் ஊற்றப் பயன்பட்டன. பிறகு பழைய பித்தளைக்கு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரரிடம் ஒரு தூக்குப்போசிக்காகப் போயின. நடுப்புனல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் கேட்கும் துணிவு எனக்கு வந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த சனிக்கிழமை, பழக்கத்தில், கொட்டாங்கச்சியில் புளியும் சாம்பலும் குழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சித்தப்பா புதுக்கூரையின் நிழலில், ஸ்டீயரிங்கின்மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் படம் இருந்த இடத்தில் சோற்றுப் பசையின் காய்ந்த தடம் நான்கு மூலைகளிலும் இருந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

“இனிமே தொலக்கறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. போயிப் படி” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். போய்ப் படித்தேன். அன்று முதல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் வீட்டில் புத்தகம் இல்லாத சுவர் இல்லை. ஆனால் அன்று கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்த அந்தச் சிறிது தூரத்தில், கையில் இருந்ததை எங்கே போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. கொட்டிவிட்டால் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அதனால் சாம்பலோடு சேர்த்து அந்தப் புளியை வாயில் போட்டு விழுங்கிவிட்டேன்.